கண்ணாடியில் நின்றுவிட்ட மணல்

பொன்னண்ணன் முன்பு போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போனவர். இடுப்பு வலி வந்தபிறகு, திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் இன்ஜினியரிங் காலேஜில் மண் சோதிக்கும் கூடத்துக்கு உதவியாளராக வந்தார். நான் அங்கே கூட்டித் துடைப்பவள்.

முன்பக்கம் கண்ணாடி வைத்த பெட்டியில், மணலை ஒரே உயரத்திலிருந்து தூவி நிரப்புவது அவர் வேலை. அதை வேறு யாரிடமும் கொடுக்க அவருக்கு மனம் வராது. ஆராய்ச்சி செய்யும் தனப்பிரியா, மேலிருந்து ஓர் இரும்புத் தகட்டால் மணலை மெல்ல அழுத்துவாள். எதிரே நிற்கும் கேமரா படம் படமாக எடுக்கும். கம்ப்யூட்டர் அந்தப் படங்களை ஒப்பிட்டு, மணல் எந்தப் பக்கம் நகர்ந்தது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும்.

"அசையவே இல்லீங்களே அம்மிணி, இது எதைப் பாத்துங்க அம்பு உடுது?" என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

ஆயுத பூஜை லீவு முடிந்து சோதனை நடந்த அன்று, சுற்றிலும் அம்புகள் வந்தன. நடுவில் கொட்டைப்பாக்கு அளவு இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

தனப்பிரியாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "அந்த எடத்துல மணல் கட்டியா நிக்குதாட்ட இருக்குதுங்கண்ணா. நீங்க தூவுனது சரியில்ல. இனிமே எங்கூடப் படிக்கற இளஞ்செழியன் போடட்டும்."

"எப்பவும் போலத்தானுங்க போட்டேன்" என்றார்.

பெட்டியைக் காலி செய்தார். மணல் முழுக்க இறங்கிவிட்டது. அந்த இடத்து மணல் மட்டும் அந்தரத்தில் நின்றது! நான் கைகூப்பிவிட்டேன்.

தனப்பிரியா கண்ணாடியின் வெளிப்புறம் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "அட, இது சந்தனம்!"

"பூஜைக்கு நாந்தானுங்க வெச்சேன். எல்லா மிஷினுக்கும் வெச்சுட்டு இதை மட்டும் எப்படீங்க உடறது? குங்குமம் கறை புடிக்குமின்னுதான் வைக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மணல் நெறத்துலயே காஞ்சிருக்குது. கேமரா மட்டுமா, நானுந்தான் ஏமாந்துட்டேன். தொடச்சுட்டு நீங்களே போடுங்கண்ணா."

தரை துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் தடுத்துவிட்டார். புதுத்துணி நனைத்து ஒற்றி எடுத்து, கால்படாத இடமாக அரளிச் செடியடியில் பிழிந்துவிட்டு வந்தார்.

"ஏம்புள்ள ஆராயி, நம்ம கண்ணுக்குத் தெரியாம நவுர்ற மணல் இதுக்குத் தெரியுது. சந்தனம் தெரிய மாட்டீங்குதே?"

"எனக்கென்னங்கண்ணா தெரியும்?" என்றேன்.

தலையைச் சொறிந்துகொண்டே மணலை அள்ளித் தூவத் தொடங்கினார்.