மருதாணிக் கோனில் ஒட்டிய முகவரி

முத்துப்பேட்டை பர்வினுக்கு எதையும் அச்சடித்து ஒட்டினால்தான் மனம் ஆறும். மருதாணிக் கோன் விற்கத் தொடங்கிய முதல் மாதமே போன் நம்பர் போட்டு ஸ்டிக்கர் அடித்தவர். அந்தக் கோன்கள் உறவுக்காரர்களின் பெட்டியில் ஏறித் துபாய்க்கும் பினாங்குக்கும் போயின. பின்னாலேயே அங்கிருந்து கல்யாணப் பெண்களின் போன்கள் வந்தன. "லாத்தா, ரெண்டு கைக்கும் டிசைன் வரைஞ்சு அனுப்புங்க. மாப்பிள்ளை பேரு உள்ளே ஒளிஞ்சிருக்கணும்!"

சின்னத் தொகையை வங்கி வழியாக அனுப்பினால் கமிஷனே பெரும்பங்கைத் தின்றுவிடும். சிலர் பிட்காயினில் தருகிறோம் என்றதும், பர்வின் பணம் வந்து சேரும் தன் பிட்காயின் முகவரியையும் ஸ்டிக்கரில் ஏற்றிவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

ஒரே முகவரி என்றால், அதற்கு வந்த ஒவ்வொரு தொகையையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பினாங்கு ஆமினா பார்த்துவிட்டாள். வசதிக்குக் குறைவில்லாத வீட்டுப் பெண்.

"லாத்தா, போன வாரம் யாருக்கோ பாதி விலைக்குக் குடுத்திருக்கீங்க. எனக்கு மட்டும் ஏன் முழுசா?"

பாதி விலை, கொழும்பில் தகப்பனில்லாத ஒரு பெண்ணுக்கு. சொன்னால் அவள் மானம் போகும். சொல்லாவிட்டால் எல்லோரும் பாதி கேட்பார்கள். பேசாமல் பாதி விலையையே நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தார் பர்வின். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது.

பக்ரீத்துக்குப் பத்தாயிரம் ஸ்டிக்கர் அடிக்க வேண்டும். அதில் எந்த முகவரியைப் போடுவது என்று திங்கட்கிழமைக்குள் அச்சகத்துக்கு முடிவு சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தஞ்சாவூர் போனார். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பிட்காயின் ஆர்வலர்கள் மாதம் ஒருமுறை கூடிச் சண்டை போடுவார்கள்.

"ஒவ்வொருத்தருக்கும் புது முகவரி குடுங்க. ஒரு சர்வர் வெச்சு அதோட லிங்கை ஸ்டிக்கர்ல போட்டா அதுவே குடுத்துடும்," என்றார் மென்பொருள்காரர் ஸ்ரீநிவாசன்.

"சர்வர் படுத்துடுச்சுன்னா? துபாய்க்குப் போன ஸ்டிக்கரை நான் போய் உரிச்சு ஒட்டவா சார்?" என்றார் பர்வின்.

அறையே சிரித்தது. கல்லூரியில் கணக்கு நடத்தும் மாளவிகா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மாறாத ஒரு குறியை அச்சடிங்க. அனுப்புறவங்க போனே அதுலேருந்து ஒவ்வொரு தடவையும் புது முகவரியை உண்டாக்கிக்கும். வெளியாளுக்கு ஒண்ணும் தெரியாது."

"ஆனா தன் பணம் எதுன்னு கண்டுபிடிக்க, வாங்குற போன் ஊர்ப்பட்ட பணத்தையெல்லாம் அலசணுமே!" ஸ்ரீநிவாசன் விடவில்லை. "இவங்க போன் தாங்காதுங்க."

பர்வினுக்கு ரோஷம் வந்துவிட்டது. கீறல் விழுந்த தன் போனை மேசை நடுவில் வைத்தார். "இப்பவே அனுப்பிப் பாருங்க."

மாளவிகா அதில் புதுச் செயலியை ஏற்றி, தன் இரண்டு கணக்குகளிலிருந்து அந்தக் குறிக்குச் சில்லறை அனுப்பினார். எந்தக் கணக்குகள் என்று யாருக்கும் சொல்லவில்லை. இரண்டும் ஒரே ஆளுக்குப் போனதை வெளியிலிருந்து நிரூபிப்பது ஸ்ரீநிவாசன் வேலை. அவர் மடிக்கணினியில் மூழ்கினார். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. டீ ஆறி ஆடை கட்டியது. போன் தோசைக்கல்லாகச் சுட்டது, பேட்டரி ஒன்பது சதவீதத்துக்கு இறங்கியது. பர்வின் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார்.

டிங். ஒன்று.

இன்னொரு டிங்!

"வந்துடுச்சு! ரெண்டும் வந்துடுச்சு!" வயது நாற்பத்தொன்று என்பதை மறந்து பர்வின் துள்ளிவிட்டார். எல்லோரும் ஸ்ரீநிவாசனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எதை எதோட சேக்குறதுன்னே தெரியலைங்க. அடிச்சிடுங்க ஸ்டிக்கரை."

மாடிப்படியிலேயே நின்று பர்வின் அச்சகத்துக்குப் போன் போட்டார்.

பக்ரீத் நெருங்கும்போது ஆமினா தன் தங்கைக்கு டிசைன் கேட்டாள். விலையைக் கேட்டதும் பழைய பாட்டைத் தொடங்கினாள். "இப்ப யாருக்காச்சும் குறைச்சுக் குடுக்குறீங்களா லாத்தா?"

"தேடிப் பாரும்மா," என்றார் பர்வின்.

ஆமினா இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் முழு விலையும் வந்தது. அதற்கு முன்தினம்தான் மன்னாரிலிருந்து ஒரு பெண்ணின் பாதி விலை வந்திருந்தது.