எல்லாருக்கும் என் நம்பர்

என் தங்கை ஷார்மைனுக்குக் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை. கணினிக்குக் கட்டளை எழுதுகிறாள். நான் கிள்ளானில் ஒரு கிடங்கில் சரக்குச் சரிபார்ப்பவன். பள்ளியில் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் அவள் வேலை எனக்கு விளங்கும். முதல் வாரமே அவள் என்னைக் கணினியாக்கிவிட்டாள்.

"அண்ணே, நீதான் மெஷின். நான் எழுதினத மட்டும் செய்."

தாளில் எளிய ஆங்கிலத்தில் நாலு வரி. இணையதளத்தைத் திற. முன்பதிவை அழுத்து. பெயரும் தொலைபேசி எண்ணும் போடு. பதிவானதாகச் செய்தி வருகிறதா பார். தளத்தைத் திறந்ததுமே ஒரு விளம்பரம் திரையை மறைத்தது. மூடினேன்.

"மூடச் சொன்னேனா?"

"பின்ன அடுத்தத எப்படி லா அழுத்துறது?"

"மெஷின் அப்படியே நிக்கும். நீ ரொம்பப் புத்திசாலி. டிஸ்மிஸ்!"

விளம்பரத்தை மூடவும் ஒரு வரி சேர்த்தாள். அவள் எழுதுவதை ஒரு மென்பொருள் படித்து, மனிதரைப் போலவே தளத்தில் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கும். சரியாக நடந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

அவளுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிய இருந்தது. அவள் சோதித்த கிளினிக் முன்பதிவுத் தளமும் அன்றுதான் திறப்பதாக இருந்தது. அறுபத்திரண்டு சோதனை, அத்தனையும் பச்சை. வேலை முடிந்ததென்று மேலாளர் கமலநாதனிடம் சொல்லிவிட்டாள். வேலை நிரந்தரமாவது அந்தத் தளத்தை நம்பித்தான்.

அதற்கு இரண்டு நாள் முன்பு, புதன்கிழமை சாயங்காலம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பல் கிளினிக்கிலிருந்து எனக்கு அழைப்பு. "யாருக்கு மிஸ்? அப்பாவுக்கா, அம்மாவுக்கா, தங்கச்சிக்கா?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எந்தப் பாரத்தை நிரப்பினாலும் மூத்தவன் நம்பரைத்தான் எழுதுவார்கள்.

ஷார்மைன் தோசையைக் கீழே வைத்தாள். "அண்ணே, உன் நம்பர்ல எத்தனை பேரு இருக்கோம்?"

"நாலு. பெரியம்மாவச் சேர்த்தா அஞ்சு."

"போச்சு! நான் ஆளுக்கொரு நம்பர் போட்டுல்ல டெஸ்ட் பண்ணியிருக்கேன்."

கையைக் கழுவிவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள். ஒரே நம்பரில் அப்பாவைப் பதிவு செய், பிறகு அம்மாவைப் பதிவு செய், அப்பாவின் பதிவு இன்னும் இருக்கிறதா பார் என்று எழுதி ஓட்டினாள். சிவப்பு. அம்மா உள்ளே வந்ததும் அப்பா காணாமல் போயிருந்தார்.

"சொல்லாம விட்டா?" என்றேன். வேலை போய்விடுமோ என்று எனக்குத்தான் பயம்.

"சனிக்கிழமை உங்கப்பா கிளினிக் வாசல்ல நிப்பாரு, பேரு இருக்காது."

"ஒனக்கும் அப்பாதான்."

மறுநாள் கமலநாதனிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்தாராம். "திறக்க ஒரு நாள் இருக்கு, இப்ப வந்து சொல்றீங்க. ஒரே நம்பர்ல யாரும்மா ரெண்டு பேரப் பதிவு பண்ணுவாங்க?"

"பாஸ், உங்க அம்மாவோட கிளினிக் கார்டுல யாரு நம்பர்?"

அவர் நாள்காட்டியைப் பக்கம் இழுத்தாராம். "என் நம்பர்தான் லா."

பிழையைத் திருத்துவதற்காகத் திறப்பு செவ்வாய்க்குத் தள்ளிப்போனது. முடிந்ததென்று அவசரப்பட்டுச் சொன்னதற்கு வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு திட்டு கிடைத்தது. அதோடு நிரந்தரக் கடிதமும் கிடைத்தது.

வீட்டில் கடிதத்தை என்னிடம்தான் முதலில் நீட்டினாள். கிடங்கில் பார்ப்பதுபோல வரி வரியாகப் பார்த்தேன். பெயர், அடையாள அட்டை எண், தேதி. கடைசியில் அவசரத் தொடர்புக்கு ஒரு கட்டம். அதில் என் நம்பர். இரண்டு தடவை சரிபார்த்தேன்.