முதுகில் தம்பியின் பெயர்

இந்த ஊரில் நோயை முதுகில் குத்திக்கொண்டு ஊர்வலம் போகிறார்கள். நம் ஆம்பூரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாமல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுவோம். இங்கே நுரையீரல் நோயாளிகளுக்கு நிதி திரட்ட மூன்று நாள் சைக்கிள் பயணம். யாருக்காக ஓட்டுகிறோம் என்று ஒவ்வொருவரும் ஓர் அட்டையில் எழுதி முதுகில் ஊக்கால் குத்திக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் இத்தனை வருடம் நர்ஸாக இருந்தும் எனக்கு இது கூச்சமாகத்தான் இருந்தது.

என் தம்பி குணா ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் பஃபிங் மெஷினில் நிற்கிறான். தோலைத் தேய்த்து மெருகேற்றும் வேலை. பறக்கிற தூசியெல்லாம் மூச்சோடு உள்ளே போகும். இப்போது மாடிப்படி ஏறினாலே அவனுக்கு இளைக்கிறது. அவன் பெயரை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன்.

"வேணாம்க்கா. மூச்சு வாங்குற ஆள எவன் வேலைக்கு வெச்சுக்குவான்? பேஜாராயிடும்" என்றான்.

வெற்று அட்டையோடு போக மனம் ஒப்பவில்லை. பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிளில் நான் ஓட்டப் பழகியபோது, கேரியரைப் பிடித்தபடி ரயில்வே கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்தவன் அவன். தமிழில் எழுதினால் இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்று, 'என் தம்பி குணா, ஆம்பூர்' என எழுதிக்கொண்டேன். பெரிய புத்திசாலி என்ற நினைப்பு எனக்கு.

இரண்டாம் நாள் காலை, வழியில் இருந்த ஒரு பழமையான காட்டின் முகப்பில் எல்லோரும் நின்றோம். என்னோடு ஓட்டிவந்த மார்கரெட், ஓய்வுபெற்ற டீச்சர், அட்டையைப் பார்த்து, "பிரார்த்தனையா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அழகான எழுத்து என்று அமைப்பாளர் என் முதுகைப் படம் எடுத்துக்கொண்டார்.

உள்ளே ஓக் மரங்கள். ஆயிரம் வருடத்தைத் தாண்டியவையாம். நாலு பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரங்கள், நடுவே பொந்து விழுந்தும் உச்சியில் துளிர்த்திருந்தன. அந்தக் குளிர்ந்த காற்றை இழுத்து இழுத்து மூச்சு விட்டேன். இதில் ஒரு வாய் அவனுக்குக் கிடைக்கவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

மதியம் காடு முடிந்து போனில் சிக்னல் வந்ததும் வரிசையாகக் குணாவின் மிஸ்டு கால்கள். அமைப்பாளர் அந்தப் படத்தை என் பெயரையும் சேர்த்து இணையத்தில் போட்டிருந்தார். அது என் சிநேகிதிகள் வழியாக ஆம்பூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அவனைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா பண்ணி வெச்சிருக்கே? சூப்பர்வைசர் போன்ல அந்தப் படத்தக் காட்டி, உனக்கு இன்னாடா நோவுன்னு கேக்குறாரு. நான் இன்னா சொல்றது?"

அதற்குமேல் இருமல்தான் கேட்டது. லைன் அறுந்துவிட்டது.

சாலையோரம் நின்று அட்டையைப் பிய்த்தெறியக் கையை முதுகுக்குக் கொண்டுபோனேன். எட்டவில்லை. மார்கரெட் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தாள்.

"கழன்றுவிட்டதா? இரு, இரு."

தன் சட்டையிலிருந்து ஓர் ஊக்கை எடுத்து, என் தம்பியின் பெயரை இன்னும் இறுக்கிக் குத்திவிட்டாள். நான் பழக்கதோஷத்தில் "தேங்க்யூ" என்றேன்.