மங்களம் சித்தி வெளுத்த கதை

மங்களம் சித்திக்கு ஐம்பத்து மூன்று வயதில் நிறம் வெளுக்கத் தொடங்கியது. சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்தில் எல்லாரும் அவரைக் ‘கரிச்சட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். தோட்டம் எண்ணெய்க்கான செம்பனைக்கு மாறியதும் ஈப்போ நகருக்கு வந்தார். புந்தோங்கில் அடுக்குமாடி வீடு, மெங்லெம்புவில் கடலை பொட்டலம் கட்டும் வேலை. கணவர் இறந்தபின் மகள் தினேஸ்வரியைத் தனியாளாக வளர்த்தார்.

கீழ்வீட்டு இராமசாமி அண்ணன் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுப்பார்.

“என்னா மங்களம், லண்டன் போயிட்டு வந்தியா? மொகம் பளபளங்குது!”

“கொரியா கிரீம்லா அண்ணே. ஒங்களுக்கு டப்பா பத்தாது, பீப்பாய்ல வாங்கணும்.”

கிரீமும் இல்லை, ஒன்றும் இல்லை. சித்திக்கு ரத்தப் புற்றுநோய். தினமும் சோற்றுக்குப் பிறகு ஒரு மாத்திரை. தினேஸ்வரிக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால், இது சித்தி, தினேஸ்வரி, நான் ஆகிய மூவரைத் தவிர யாருக்கும் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான், படித்தது உயிர்வேதியியல். மருத்துவர் மலாய் மொழியில் சொன்னதைச் சித்திக்கு விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்ததில் எனக்குப் பெருமைதான்.

“சித்தி, காலையில பெரட்டுல எல்லாரையும் வரிசையா நிக்கவச்சுக் கங்காணி ஆளுக்கு ஆள் வேலை பிரிச்சுக் குடுப்பாருல்ல? ஒடம்புல ஒவ்வொரு உயிரணுக்குள்ளயும் அப்படிக் கங்காணிங்க இருக்காங்க. கைனேஸ்னு பேரு. ஒரு புரதத்து மேல பாஸ்பேட்டை ஒட்டிவிட்டா, அதுதான் உத்தரவு. வளரு, நிறுத்து, பழுது பாரு. ரொம்ப அடிபட்டு, பழுது பார்க்க முடியலன்னா, செத்துப்போன்னும் உத்தரவு வரும். உயிரணு தானா அடங்கிடும்.”

“சாவச் சொல்றதும் கங்காணிதானா?”

“ஒருத்தரு சாவச் சொல்வாரு, இன்னொருத்தரு வேணான்னு தடுப்பாரு. ஒங்க ரத்தத்துல ரெண்டு மரபணு தப்பா ஒட்டிக்கிட்டு ஒரு கங்காணி உருவாகிட்டாரு. வாயே மூட மாட்றாரு. ‘பெருகு, சாவாத’ன்னு கத்திக்கிட்டே இருக்காரு. மாத்திரை போய் அவரு வாயை அடைக்குது.”

“அப்ப தோலு ஏன்டா வெளுக்குது?”

“தோலுக்குக் கறுப்பு உண்டாக்கச் சொல்ற கைனேஸும் இவருக்குச் சொந்தம் மாதிரிதான். அதையும் சேத்து அடைச்சிடுது.”

சித்தி சிரித்துவிட்டார். “இந்த டிவிஷன் கங்காணிய அடக்கப் போயி, பக்கத்து டிவிஷன்ல வேலை நின்னுபோச்சா!”

பாரிட் புந்தாரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அதிகம் பேசாதவர். கூடவே அவருடைய அம்மாவும் தங்கையும். தங்கைக்குப் பதினெட்டு வயதிருக்கும், நல்ல கறுப்பு. கறிபாப் பலகாரம் எடுக்கக்கூட கையை நீட்டாமல் துப்பட்டாவுக்குள் வைத்திருந்தாள். அவர்களுக்குத் தினேஸ்வரியைப் பிடித்துப்போனது. தேதி வரைக்கும் பேச்சு வந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா சுவரில் இருந்த பழைய படத்தையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. எவ்ளோ கலரா ஆயிட்டீங்க! என்னா கிரீம்? இவளுக்கு வாங்கணும். என்னென்னமோ தடவிப் பாத்துட்டேன். சந்தையில வாங்குனதுல ஒண்ணு மொகத்தையே பொசுக்கிடுச்சு.”

அந்தப் பெண் குனிந்துகொண்டாள். அவள் தாடையோரம் தோல் உரிந்த தடம் இருந்தது. தினேஸ்வரி அம்மாவைப் பார்த்தாள். ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் போதும், கல்யாணம் நடந்துவிடும்.

சித்தி எழுந்து உள்ளே போனார். மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து கறிபாப் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“கிரீம் இல்ல சம்பந்தி. எனக்கு ரத்தத்துல புற்றுநோய். இதைச் சாப்பிட்டாத்தான் உசுரோட இருப்பேன். வெளுத்தது இந்த மருந்தால. புள்ளைக்கு எதுவும் பூசாதீங்க.”

மாப்பிள்ளையின் அம்மா அட்டையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். கடைசியில் அந்த அம்மா என்னிடம் மெல்லக் கேட்டார்: “தம்பி, இது மகளுக்கும் வருமா?”

“வராதும்மா. இது பொறவிக் கோளாறு இல்ல. நடு வயசுல எலும்பு மஜ்ஜையில ஒரு உயிரணுல நடந்த தப்பு. புள்ளைக்கு இறங்காது.”

“போயிட்டுச் சொல்றோம்” என்று கிளம்பிவிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்பது தினேஸ்வரிக்குத் தெரியும்.

“வாயில வந்த பேரைச் சொல்லியிருக்கலாம்லம்மா?”

“சொல்லலாம். அந்தப் புள்ள அதையும் வாங்கிப் பூசும்.”

தினேஸ்வரி கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வாரம் முழுவதும் தாயும் மகளும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. சித்தி மட்டும் சாப்பிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அடித்தது. எடுத்த எடுப்பில் பாரிட் புந்தார் அம்மா கேட்டது கல்யாணத்தைப் பற்றி அல்ல.

“ஒங்க ஃப்ளாட்டுல லிஃப்ட் ஓடுதா சம்பந்தி? தட்டு மாத்த வாரப்ப முட்டி வலிக்காரங்க நாலு பேரு வருவாங்க.”

சித்தி தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, சாத்தியிருந்த கதவைப் பார்த்து மகளைக் கூப்பிட்டார்.