முழங்காலில் ஒரு மஞ்சள் கயிறு

கடலில் கால் வைக்கும்போது ஹரிபாபு கடலைப் பார்க்கமாட்டார். குனிந்து தன் வலது முழங்காலைப் பார்த்துக்கொண்டே இறங்குவார். முட்டிச் சில்லுக்குக் கீழே அங்கே ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். மஞ்சள் என்று நாமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், இரண்டு வருஷ வெயிலில் அது சணல் நிறத்துக்கு வந்துவிட்டது. கயிற்றுக்கு நாலு விரல் கீழே தண்ணீர் வந்ததும் பிரேக் போட்ட மாதிரி நிற்பார். அலை எழும்பினால் இரண்டடி பின்னால் வருவார். அது போனதும் இரண்டடி முன்னால் போவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ கடலோடு பேரம் பேசுகிற மாதிரி இருக்கும்.

ஹரிபாபு என் மாப்பிள்ளை. நகரி பக்கத்து ஆள். வயது முப்பத்தாறு. மாலத்தீவில், அரை மணியில் சுற்றி வந்துவிடக்கூடிய ஒரு சின்னத் தீவில் சமையல் வேலை. பலகைமேல் ஏறி நின்று அலையில் வழுக்கிக்கொண்டு வருவதற்கென்றே அங்கே வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். அவர்கள் தங்கும் விடுதி அது. பங்குனியிலிருந்து ஐப்பசி வரை நல்ல அலை. மற்ற மாதங்களில் கடல் படுத்துவிடும், விடுதியில் ஆள் இருக்காது. அந்த நாட்களில் வேலைக்காரர்கள் தங்கள் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று முதலாளி நசீர் சொல்லியிருந்தார். சங்கராந்தி முடிந்த கையோடு நானும் என் மகள் யமுனாவும் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்தோம். டிக்கெட் நான் எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் பாகாலாவில் பஸ் கழுவியவன் நான். இன்றைக்கு அலிபிரி டாக்ஸி ஸ்டாண்டில் என் பெயர் எழுதின வண்டிகள் பதினொன்று நிற்கின்றன. முதல் சுமோ வண்டி வாங்கின வருஷம் ஊரே சிரித்தது. சிரித்தவர்களில் நாலு பேர் இப்போது என்னிடம் டிரைவர்கள். அப்படிப்பட்ட நான் கடலுக்கு நடுவில் ஒருத்தன் கயிற்றைப் பார்த்துப் பார்த்து நடப்பதை வேலை மெனக்கெட்டு நின்று பார்த்தேன்.

கயிறு கட்டியது யமுனா. என் மகன் முரளி பதினேழு வயதில் கல்குவாரித் தண்ணீரில் போய்விட்டான். அதை விரித்து எழுத எனக்கு வராது. எட்டு வருஷம் கழித்து, தீவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று ஹரிபாபு நின்றபோது யமுனா ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், "காணிப்பாக்கம் வா. முழங்காலுக்கு மேல கடல் தண்ணி ஏறவுட மாட்டேன்னு பிள்ளையார் முன்னாடி சொல்லு. அப்புறம் போ" என்றாள். காணிப்பாக்கத்தில் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்து ஆட்கள் மீறமாட்டார்கள். குடியை விடுகிறவனும், திருடவில்லை என்கிறவனும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். என் வண்டியில்தான் அழைத்துப் போனேன். குளத்தில் முழுகி ஈரத்தோடு நின்று ஹரிபாபு சத்தியம் செய்தார். அளவு மறந்துவிடக் கூடாதென்று அங்கேயே யமுனா கயிற்றைக் கட்டினாள். "தல முழுகிட்டுத்தான் மாமா முழங்கால் சத்தியம் பண்ணேன்" என்று இப்போதும் சொல்லிச் சிரிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார். கயிற்றை மாற்றுமுன் யமுனா அதை விரலால் நெருடி நாக்கில் வைத்துப் பார்ப்பாள். இந்த முறை தீவில் படகை விட்டு இறங்கியதுமே, செருப்பைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து அந்தச் சோதனையைச் செய்துவிட்டாள்.

"உப்பு கரிக்குது."

"அடுப்பண்ட நிக்கற ஆளு. வேர்வ கரிக்காம சக்கரையா இருக்கும்?"

"வேர்வ எது, கடல் எதுன்னு எனக்குத் தெரியாதா? ம், வேர்வதான். பொழச்ச."

ஆறு வருஷமாகக் கடலோரத்தில் இருந்தும் அந்த மனிதர் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஆனால் அலையைப் பற்றி அவரைக் கேட்டுக்கொண்டுதான் வெள்ளைக்காரர்கள் இறங்குவார்களாம். நசீரே சொன்னார். நகரியில் அவர்கள் குடும்பத்துக்கு ஒரு சாண் நிலம் கிடையாது. அடுத்தவர் மாந்தோப்புக்கு மடை திருப்பி வளர்ந்த பிள்ளை. "மடையில தண்ணி எப்பத் தயங்குது, எப்பத் தாவுதுன்னு பாத்துக்கினு இருந்தவன்தானே மாமா. இது கொஞ்சம் பெரிய மட, அவ்ளோதான்" என்பார். அடுப்பில் கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்து, "பதினோரு மணிக்குக் காத்து திரும்பும். அதுக்குள்ள போய்ட்டு வரணும்" என்று ஆங்கிலத்தில் சொல்வாராம். அந்த ஆங்கிலத்தில் பாதி தெலுங்கு. களி ஒரு உருண்டை தின்றுவிட்டுப் போனால் மூன்று மணி நேரம் தாங்கும் என்று அவர்களுக்கும் பழக்கிவிட்டிருக்கிறார்.

மதியம் பாத்திரம் கழுவி முடிந்ததும் இன்னொரு கூத்து நடக்கும். மூக்கு உடைந்த பழைய பலகை ஒன்றை மணலில் போட்டுக் குப்புறப் படுப்பார். இரண்டு கையாலும் மணலைத் தள்ளுவார். தலையைத் திருப்பி, இல்லாத அலையைப் பார்ப்பார். சட்டென்று துள்ளி எழுந்து முழங்காலை மடக்கி, கையை விரித்து நிற்பார். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. அவர் படுத்துப் படுத்துத் தென்னை மரத்தடியில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. நானும் ஒரு நாள் படுத்து எழுந்து பார்த்தேன். அறுபத்துநாலு வயதில் மூன்றாம் தடவையிலேயே நின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"மண்ணுல நிக்கறதுக்கு எதுக்கு மாப்ள இவ்வளவு பாடு?" என்று கேட்டேன்.

அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. பங்குனியிலிருந்து விடுதிக்குச் சாப்பாடு வெளியிலிருந்து வரப்போகிறது, சமையலறையை மூடுகிறார்கள். ஹரிபாபுவை அனுப்பிவிட நசீருக்கு மனமில்லை. அலை பார்த்துச் சொல்லி ஆட்களை அழைத்துப் போகிற வேலையைத் தருகிறேன் என்கிறார். அதற்கு நீந்திக் காட்டிப் பரீட்சை தேற வேண்டும். இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"யமுனாகிட்ட சொன்னியா?"

"சொன்னா அது சரின்னுடும் மாமா. அப்புறம் நான் இங்க ஒவ்வொரு நாளும் எறங்கறப்ப, அங்க அது சோறு துன்னாது. வாணாம். ஊருக்கே வந்துடறேன். உங்க வண்டி ஒண்ணு ஓட்டறேன்."

வண்டி தர எனக்கு ஆசைதான். ஆனால் பேசும்போது அவர் கண் என் பக்கம் இல்லை. தேங்காய் துருவிக்கொண்டே தூரத்தில் வெள்ளைக் கோடாக அலை உடைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடி முழுதும் துருவித் தீர்ந்து சிரட்டையைத் துருவுகிற சத்தம் கேட்டது.

ஆறாம் நாள் காலை நல்ல வற்றம். அப்படிக் கடல் வற்றும்போது கரையிலிருந்து கால் மைல் தூரத்துக்குப் பவளப் பாறை தளமாகக் கிடக்கும். அதன் மேல் முழங்காலுக்குக் குறைந்த தண்ணீர்தான் நிற்கும். ஹரிபாபு வலது முட்டியில் ஒரு பிரெட் கவரைச் சுற்றி, மேலும் கீழும் ரப்பர் பாண்ட் போட்டார். கயிற்றில் திவலை தெறித்துவிடக் கூடாது என்பதற்காக அது. பிறகு நடக்க ஆரம்பித்தார். நடந்தார், நடந்தார், காக்கை அளவுக்குச் சிறுத்துப்போனார். பாறை முடிந்து ஆழம் தொடங்குகிற விளிம்பில் போய் நின்று அலையைப் பார்த்தார்.

யமுனா கரையில் என் பக்கத்தில் நின்றிருந்தாள். "அதுக்கு அந்தாண்ட எவ்ளோ ஆழம்?" என்று கேட்டாள். அந்தப் பக்கமாக வந்த நசீர் கையை விரித்தார். அவருக்கே தெரியவில்லை.

தண்ணீர் ஏறத் தொடங்கிவிட்டது. ஹரிபாபு கயிற்றைப் பார்த்துக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வந்தார். வழியில் ஒரு பள்ளத்தில் கால் தடுமாறிக் கையை ஊன்றி எழுந்தார். கரையேறியதும் கவரை அவிழ்த்து, "நனையல, பாத்துக்கோ" என்று காலை நீட்டினார்.

யமுனா காலைப் பார்க்கவில்லை.

"யோவ், உனக்கு நீச்சல் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கத்துக்கணும்னா எறங்கணுமே."

"தினமுமா அங்க போற?"

"வத்தின அன்னிக்கெல்லாம். முழங்கால்தானே யமுனா."

அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நைனா, முரளியும் முழங்கால் தண்ணியிலதான் நின்னுக்கினு இருந்தான். அடுத்த படி இல்லன்னு அவனுக்குத் தெரியல."

ஏரியும் குளமும் பார்த்தவர்கள் நாங்கள். அந்த அளவுகோலைக் கொண்டுவந்து கடலுக்கு வைத்திருக்கிறோம். நீந்தத் தெரியாத ஒருத்தரை ஆறு வருஷமாக விளிம்பில் நிறுத்தி, பத்திரமாக இருக்கிறார் என்று நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். பதினோரு வண்டிக்கும் பிரேக்கை நானே தொட்டுப் பார்த்து அனுப்புகிறவன். இது எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் பரீட்சை விஷயத்தை நான் சொன்னேன். யமுனா ஹரிபாபுவை முறைத்தாள். "இத எங்கிட்ட சொல்ல உனக்கு நைனா தேவையா? இரு, ஊருக்கு வா, வெச்சுக்கறேன்" என்றாள்.

"சத்தியம் யமுனா. பிள்ளையாரு முன்னாடி சொன்ன பேச்சு" என்றார் ஹரிபாபு.

"கேட்டது நான். அவருகிட்ட நானே போய் சொல்லிக்கறேன். உயிரோட திரும்பி வரணும்னுதான் கேட்டேன், முட்டி காஞ்சிருக்கணும்னா கேட்டேன்?"

பிள்ளையாருக்கு உடைக்க நூற்றெட்டுத் தேங்காய் என் கணக்கில் என்றேன். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நகத்துக்கு அசையவில்லை. யமுனா குனிந்து பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தாள். அதைத் தன் தாலிக்கொடியில் சுற்றிக்கொண்டாள். பலகையில் ஒரு நீளமான கயிறு இருக்கும், பலகையும் ஆளும் பிரிந்துவிடாமல் கணுக்காலில் மாட்டிக்கொள்வதற்கு. அதை அவளே ஹரிபாபுவின் காலில் மாட்டி, மாட்டைக் கட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பதுபோல இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

கரையோரத்து அமைதியான தண்ணீரில், நெஞ்சளவில் நசீர் நின்றுகொண்டு வா வா என்று கையசைத்தார். ஹரிபாபு பலகையோடு இறங்கினார். எப்போதும் நிற்கிற இடத்தில் கால் தானாக நின்றுவிட்டது. வழக்கம்போலக் குனிந்து முழங்காலைப் பார்த்தார். கருத்த காலில், கயிறு இருந்த இடத்தில் ஒரு வெளுத்த கோடு மட்டும் இருந்தது. ஒரு கை கடல்நீரை அள்ளி, அந்தக் கோட்டின்மேல் மெதுவாக ஊற்றினார்.