ஊசிக்குப் பின் அரை மணி நேரம்

சேந்தமங்கலம் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை இருந்த காலம் அது. தடுப்பூசி நாளென்றால் விடியும்போதே நானும் மனைவியும் ஷெட்டில் இறங்கிவிடுவோம். ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்து இருக்கும். அவள் கோழியைப் பிடித்துக் கொடுப்பாள், நான் ஊசி போடுவேன். ஊர் வம்பெல்லாம் பேசிச் சிரித்து, ஒரு வரிசையை முடித்த பிறகுதான் காப்பி. இப்போது ஷெட்டைக் குத்தகைக்கு விட்டாயிற்று. அந்தக் காலை நேரங்களுக்காக மனசு கிடந்து ஏங்குகிறது.

ஊசி என்றால் நமக்குத் தெரியாததா என்கிற திமிரோடுதான் கொரோனா ஊசி முகாமுக்கும் போனேன். பள்ளிக்கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த நர்சம்மா என் மனைவியைப் பார்த்து, "இதுக்கு முன்னால ஏதாச்சும் ஊசி, மாத்திரை ஒத்துக்காமப் போயிருக்குதாம்மா?" என்று கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கல்லாட்டம் இருக்கறா, போடுங்க." பெண்டாட்டியைக் கேட்டால் புருஷன் பதில் சொல்வதுதான் எங்கள் வழக்கம்.

போட்டதும் அரை மணி நேரம் பெஞ்சில் உட்காரச் சொன்னார்.

"ஏனுங்க, ஒரு நாளைக்கு ஆயிரம் கோழிக்கு ஊசி போடறவன் நானு. எந்தக் கோழி அரை மணி நேரம் உக்காந்துச்சு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவளை ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

ஏரிக்கரை தாண்டியதும், "கையி, கழுத்தெல்லாம் அரிக்குது மாமா" என்றாள்.

"கோழிப்பேனு கடிச்சிருக்கும். ஊட்டுக்குப் போயித் தண்ணி வாத்துக்க."

கொஞ்ச தூரம் போனதும், "தொண்டைய அடைக்குது மாமா" என்றாள். அது அவள் குரலாகவே இல்லை. வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன். உதடு வீங்கிவிட்டது, கண் இடுங்கிக் கிடந்தது, முகமெல்லாம் தடிப்பு. அவள் கையை என் இடுப்போடு இறுக்கிப் பிடித்து, ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு வந்த வழியே திரும்பினேன்.

நர்சம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அவளைப் படுக்க வைத்து, தொடையில் அட்ரினலின் ஊசியைப் போட்டுவிட்டு, காலைத் தூக்கிப் பலகை மேல் வைத்தார். 108-க்குப் போன் போனது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு சீரானது. எழுப்பப் போன என்னைத் தடுத்தார். "எந்திரிக்க உடாதீங்க. சரியாப் போச்சுன்னு ஊட்டுக்கும் கூட்டிட்டுப் போயிராதீங்க. மறுக்கா வந்தாலும் வரும்."

நாமக்கல் ஆஸ்பத்திரியில் டாக்டரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். இந்தத் தடவை நான் பேசவில்லை. அவள் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு, "மூத்த புள்ள பொறந்தப்ப எங்கம்மா ஊட்டுப் பக்கம் ஒரு ஊசி போட்டாங்க. இதே மாதிரி வீங்கி, மூச்சு உட முடியாம ஆஸ்பத்திரில கெடந்தேனுங்க" என்றாள்.

டாக்டர் போனதும், "எங்கிட்டச் சொல்லவே இல்லையே" என்று கேட்டேன்.

"கொழந்தயப் பாக்க வந்தீங்களே, அன்னிக்கே சொன்னேன் மாமா. பொட்டப்புள்ளன்னு மூஞ்சியத் திருப்பிட்டு உக்காந்திருந்தீங்க. காதுல உழுந்திருக்காது."