கோழியின் உயரத்தில்

குஞ்சும் தீவனமும் கொடுக்கிற கம்பெனி அனுப்பித்தான் அந்த ஆய்வகக்காரர் சூளகிரியில் இருக்கும் என் கோழிப் பண்ணைக்கு வந்தார். அதனாலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கையில்லை. மூச்சுத் திணறி, குறட்டை விடுகிற மாதிரி இழுத்துச் செத்த கோழிகளின் சாவுக்கு என்னைக் காரணமாக்கிவிட்டால், அடுத்த தடவை குஞ்சு இறக்க மாட்டார்கள்.

ஒல்லியான மனிதர். வெளியே முகக்கவசத்தோடு நின்றவர், ஷெட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றிவிட்டுக் கோழிகளுக்கு நடுவே குந்தி உட்கார்ந்தார். போன வாரம் சோதனைக்காகக் கோழிகளின் தொண்டைச் சளி எடுக்க வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்தார்.

"கிருமி ரொம்ப மோசமானதுங்களா சார்?" என்றேன்.

"அந்தச் சளியில இருந்த கிருமிய முட்டைக் கருவுல ஏத்திப் பாத்தோம்ங்க. கரு ஒண்ணு ரெண்டுதான் செத்துச்சு. அவ்ளோ வீரியம் இல்லீங்க."

"அப்புறம் என் கோழி ஏன் சாவுது?"

"இங்க உக்காந்து மூச்சு விட்டுப் பாருங்க."

பழியை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்து நான் உட்காரவில்லை.

அவர் வண்டி நெடுஞ்சாலை ஏறியதும் உட்கார்ந்தேன். குளிருக்குப் பயந்து பத்து நாளாக நான் ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவை மூடியே வைத்திருந்தேன். நின்றால் தெரியாத எச்ச நெடி, உட்கார்ந்ததும் கண்ணைக் கரித்தது. எழுந்து படுதாவைத் திறந்தேன்.

கம்பெனிக்கு அவர் என்ன எழுதினாரோ தெரியாது. அடுத்த குஞ்சு சொன்ன நாளில் வந்து இறங்கியது. மூடிய படுதாவைப் பற்றி எழுதியிருந்தால் இறக்கியிருக்க மாட்டார்கள்; ஏன் எழுதாமல் விட்டார் என்பதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருக்கிறது.